உள்ளே பூட்டுவதா, தூக்கிக்கொண்டு போவதா?

நிற்கும் வீட்டுக்கு ஜெனரேட்டர் பூட்டுவது லேசான வேலை. வீடே காருக்குப் பின்னால் ஓடத் தொடங்கினால்தான் எங்கள் தொழில் என்னவென்று தெரியும்.

வெள்ளவத்தையில் என் கடை. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் கேரவன்களுக்கு வயரிங் செய்து, ஜெனரேட்டர் கொடுப்பது என் வேலை. கேரவனைக் கட்டுவது நுகேகொடையில் பட்டறை வைத்திருக்கும் சுனில். வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: கேரவனுக்குள்ளேயே பெட்டி செய்து நிரந்தரமாகப் பூட்டுவதா, இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போய் வெளியில் வைப்பதா? ஒரு சாமானை விற்றுவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அந்தச் சாமானுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்கெல்லாம் என் நிலைமை விளங்கும்.

கட்டிலுக்குக் கீழே

பக்கத்து ஒழுங்கையில் சிவநாதன் ஐயாவும் மனைவியும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு ஒரு கேரவன் செய்வித்தார்கள். ஐயாவுக்கு ஜெனரேட்டரை உள்ளே பூட்டத்தான் விருப்பம். மழையில் இறங்கி நின்று கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண அவரால் ஏலாது; உள்ளே இருந்தபடி சுவிட்சை அமத்தினால் போதும் என்றார். நியாயம்தான். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா. "மலைக்குப் போறதே நிம்மதியா நித்திரை கொள்ளத்தான் பிள்ளை. கட்டிலுக்குக் கீழை மில் ஓடினா ஆர் படுக்கிறது?"

நான் வாதாடவில்லை. வேறொருவருக்காகச் செய்து முடித்த கேரவனில், பெட்டிக்குள் அதிர்வு தாங்க ரப்பர் வைத்து, சுற்றிவரச் சத்தம் அடக்கும் பஞ்சு ஒட்டி, புகைக்குழாயை வெளியே தள்ளி விட்டிருந்தோம். அந்த வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. சுனிலின் பட்டறையில் இருவரையும் அந்தக் கேரவனுக்குள் படுக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டேன். ஐயா மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தவர், உண்மையாகவே தூங்கிப்போனார். கொஞ்ச நேரத்தால் அம்மா மட்டும் மெல்லக் கதவைத் திறந்து இறங்கி வந்தா. என்ன சொல்லப்போகிறாவோ என்று நான் நின்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னா: "பிள்ளை, உந்தச் சத்தத்துக்கை இவரின்ரை குறட்டை கேக்கேல்லை. உதையே பூட்டுங்கோ."

தூக்கக்கூடியது

ரமணன் பம்பலப்பிட்டியில் வங்கி அதிகாரி. லைட், ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ், இவ்வளவுக்கும் ஒரு கையால் தூக்கக்கூடிய சின்ன ஜெனரேட்டர் போதும் என்று சொன்னேன். அவருக்கு ஏசியும் ஓட வேண்டும். என்னிடம் வாங்காமல் வேறெங்கோ பெரிய ஒன்றை வாங்கிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அதை வேன் ஒன்றில் ஏற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்கினார். கூட வந்த நண்பர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் குந்திவிட்டார். கேரவனின் பின்பக்கத்தில் தட்டு அடித்து அதில் ஏற்றலாமா என்று ரமணன் கேட்டார். அவ்வளவு பாரத்தை வாலில் வைத்தால் இறக்கத்தில் கேரவன் ஆடத் தொடங்கும், அது காரையும் சேர்த்து இழுத்துவிடும் என்று விளங்கப்படுத்தினேன். வெளியில் வைத்து ஓட்டவென்று செய்ததைப் பெட்டிக்குள் அடைக்கவும் கூடாது. போவது பண்டாரவளை மலைக்கு என்றார்கள். "பண்டாரவளைக் குளிருக்கை ஏசி என்னத்துக்கு?" என்று நான் கேட்டதும் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் முதல் சொன்னதையே வாங்கிக்கொண்டு போனார். போகும்போது சொன்னது: "அக்கா, போர்டபிள் எண்டு பெரிசா எழுதியிருந்தவங்கள். ஆர் தூக்கிறது எண்டு எழுதேல்லை."

நஸீர் நானா வீட்டு மழை

கொச்சிக்கடையில் இரும்புக்கடை வைத்திருக்கும் நஸீர் நானாவும் வெளியில் வைக்கும் ஜெனரேட்டர்தான் எடுத்தார். கூடவே, புகையில் இருக்கும் விஷவாயு உள்ளே வந்தால் கத்துகிற சின்ன அலாரம் ஒன்றும் எடுக்கச் சொன்னேன். "வெளிய தானே வெக்கிற, அதென்னத்துக்கு?" என்றார். அது இல்லாமல் ஜெனரேட்டரும் இல்லை என்று சொல்லி, அலாரத்தை நானே போய்க் கட்டில் பக்கச் சுவரில் பூட்டிவிட்டு, அது கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் மனைவி ஃபரீதாவுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் குடும்பமாகப் போயிருந்த நுவரெலியாவில் பின்னேரம் நல்ல மழை பிடித்திருக்கிறது. நனையக்கூடாதென்று நானா ஜெனரேட்டரை இழுத்து, கேரவன் ஓரத்துக் கூரைத் துணிக்குக் கீழே, சன்னலோடு அணைத்து வைத்துவிட்டார். சன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் தூக்கம். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அலாரம் கத்தத் தொடங்கியதும் நானா அதைப் பழுதென்று நினைத்து நிற்பாட்டப் பார்த்தார். ஃபரீதாதான் நான் சொன்னதை நினைத்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கினா.

எனக்கு ஃபோன் வந்தபோது பின்னால் பிள்ளைகள் அழுவது கேட்டது. இயந்திரத்தை நிற்பாட்டச் சொன்னேன். கேரவனுக்குள் யாரும் போக வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அங்கிருந்து நல்ல செய்தி வரும்வரை கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. அன்றிலிருந்து உள்ளே பூட்டினாலும் வெளியே வைத்தாலும் அலாரம் இல்லாமல் ஒரு கேரவனும் எங்களிடமிருந்து போனதில்லை.

ஊர் திரும்பியதும் குடும்பமாக, வீட்டில் அவித்த வட்டிலப்பத்தோடு கடைக்கு வந்தார்கள். நான் பிள்ளைகளின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கண்ட ஃபரீதா சொன்னா: "புள்ளைகளுக்கு ஒண்டும் இல்ல தங்கச்சி. மழைக்க நிண்ட தடிமன் மட்டுந்தான் ஈக்கிது."

பல் பிடுங்கும் கேரவன்

ஊர் ஊராகப் போய் இலவசமாகப் பல் பார்க்கும் ஒரு வைத்தியருக்கும் கேரவன் செய்தோம். இங்கே யோசிக்கவே தேவையில்லை, உள்ளே பூட்டுவதுதான். போகும் இடத்தில் கரண்ட் எடுத்து வேலை நடக்கும். அது போனால் ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆக வேண்டும். பல் ஒன்று பாதியில் நிற்கும்போது யாரும் இறங்கிப்போய்க் கயிறு இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

முதல் நாள் கொட்டாஞ்சேனையில். நானும் சுனிலும் பக்கத்திலேயே நின்றோம். நாற்காலியில் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்தது, கீழே இயந்திரம் உறுமியது, விளக்கு வந்துவிட்டது. வைத்தியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சுனில் என் தோளில் தட்டி, "ஷோக் அக்கே" என்று சிங்களத்தில் மெச்சினான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வேலை முடிந்து கன்னத்தில் பஞ்சோடு இறங்கிய மனிதர், இதைப் பூட்டியது யார் என்று விசாரித்தார். வைத்தியர் என்னைக் காட்டினார். பாராட்டை வாங்க நான் நிமிர்ந்து நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரண்ட் போனதும் கடவுள் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன் அக்கா. நீங்க விடலியே."

உள்ளேயோ வெளியேயோ, நல்ல ஜெனரேட்டர் என்பது வாங்கியவர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோகிற ஜெனரேட்டர்தான்; அதோடு சேர்த்துப் பூட்டியவளையும் மறந்துவிடுகிறார்கள் என்பது மட்டும்தான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் சரிசெய்யத் தெரியாத பழுது.