வேலாயுதத்தின் ஆறாவது அந்தமான்

ஐந்து முறை அந்தமானுக்குப் போயும் வேலாயுதம் அங்கே எதையும் சுற்றிப் பார்த்ததில்லை. மைசூரிலிருந்து பயணிகளை அழைத்துப்போகும் ஒரு டூர் கம்பெனியில் அவர் சமையல்காரர். கம்பெனி தேவராஜ மொஹல்லாவில் ஒரு வளையல் கடைக்கு மேலே இருந்தது. அரிசி, பருப்பு, அண்டா, அடுப்பு எல்லாம் பயணிகளோடு கப்பலேறும். போர்ட் பிளேரில் லாட்ஜின் பின்கட்டுதான் அவருடைய இடம். பயணிகள் பவளத் தீவுக்குக் கிளம்பும் காலையில் புளிசாதமும் தயிர்சாதமும் பொட்டலம் கட்டி வேனில் ஏற்றுவார். வேன் போனதும் இரவுச் சப்பாத்திக்கு மாவு பிசைய உட்காருவார்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே மைசூருக்கு வந்தவர். மெஸ்ஸில் பாத்திரம் கழுவினார். கல்யாணச் சமையலில் காய் நறுக்கினார். டூர் வேலைக்கு வந்தபின் எத்தனையோ ஊர்களின் காய்கறிச் சந்தைகள் அவருக்குப் பழக்கமாயின. அந்த ஊர்களின் கோயில்களும் அருவிகளும் தெரியாது. அதை யாரும் கேட்டதும் இல்லை. மகள் தாரணிதான் கேட்டாள்.

"பவளம்னா எப்படிப்பா இருக்கும்?"

"கடலுக்கடில செடியாட்டம் இருக்குமாம்."

"இருக்குமாமா? நீ பாக்கலையா?"

அவளுக்கு இளையவன் பரத் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அப்பா அண்டாவுக்கு அடியில் பார்த்திருப்பார் என்று பொருள். வேலாயுதமும் சிரித்தார். மறுநாள் முதலாளியிடம் போய் டிசம்பர் டூரில் நான்கு இடம் கேட்டார். அது தொண்ணூற்றாறாம் வருடம்.

"உனக்கு எதுக்குப்பா டிக்கெட்? குடும்பத்தைச் சும்மா கூட்டிட்டு வா. சமைச்சுக்கிட்டே பாத்துக்கலாம்."

"வேண்டாங்க. சமையலுக்குக் கருப்புசாமி வரட்டும். எங்க நாலு பேருக்கும் சீட்டு போடுங்க."

கருப்புசாமி பல வருடங்களாகச் சமையலில் அவருக்குக் கையாளாக இருந்தவன்.

கப்பலில் முதல் பந்தியில் வேலாயுதம் தன்னை மறந்து எழுந்து கரண்டியைப் பிடிக்கப் போனார். மனைவி பஞ்சவர்ணம் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் பஞ்சவர்ணமே பக்கத்துத் தட்டுகளைச் சேர்த்து அடுக்க ஆரம்பித்தார். இந்த முறை தாரணி இழுத்து உட்காரவைத்தாள்.

பவளத் தீவைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். மறுநாள் ஊருக்குக் கப்பல். அன்று காலை வேலாயுதம் புதுச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது முதலாளியின் மகன் சுதர்ஷன் கதவைத் தட்டினான். டூரை நடத்தி வந்தவன் அவன்தான்.

"அண்ணா, கருப்புசாமிக்கு ஜுரம் கொதிக்குது. எழுந்திரிக்கவே முடியல."

"டாக்டரக் காட்டினீங்களா?"

"ஊசி போட்டாச்சு. முப்பது பேருக்குச் சாப்பாடு கட்டணும், ராத்திரிச் சப்பாத்திக்கும் இங்க ஆள் வேணும். இன்னைக்கு ஒரு நாள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா."

"படகு?" என்றார் பஞ்சவர்ணம். படகு காலையில் ஒரே தடவைதான் கிளம்பும்.

"நீங்களும் பிள்ளைங்களும் போயிட்டு வாங்க அண்ணி. அண்ணனை அடுத்த டூர்ல நானே கூட்டிட்டுப் போறேன்."

"அடுத்த டூரு, அடுத்த டூருன்னு உங்கப்பாவும் இதையேதானுங்க சொல்லிட்டிருந்தாரு" என்றார் பஞ்சவர்ணம்.

வேலாயுதம் பின்கட்டுக்குப் போனார். கருப்புசாமி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். "நீங்க போங்கண்ணா" என்றான். ராத்திரியே அவன் ஊறவைத்த புளி அப்படியே இருந்தது. வேலாயுதம் அடுப்பைப் பற்றவைத்தார். வாசலில் நின்ற சுதர்ஷன் முகத்தில் தெளிவு வந்தது. பஞ்சவர்ணம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலாயுதம் ஒரு பிடி அரிசியை மட்டும் உடைத்துக் கஞ்சி வைத்தார். உப்புப் போட்டு, ஆற்றி, கருப்புசாமியின் தலைமாட்டில் வைத்து மூடினார். அடுப்பை அணைத்தார்.

பயணிகளில் மூத்தவரான விசாலாக்ஷி அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா அணைச்சுட்டே? சமையல் தெரிஞ்சவன் நீ இருக்கறச்சே நாங்கள்ளாம் பட்டினியா போகணுமா? கடல் எங்கேயும் ஓடிப்போயிடாது. இங்கேயேதான் இருக்கும்."

"கடல் இங்கயேதான் இருக்குமுங்கம்மா. நான்தான் நாளைக்கு மைசூருக்குப் போயிருவேன்."

மற்றப் பயணிகளும் வந்து சுற்றி நின்றார்கள். முப்பது பேர் பசியோடு பார்ப்பது அவருக்குப் பழக்கமான பார்வை. அதற்கு முதுகு காட்டிப் பழக்கமில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பஜார்ல பேக்கரி தொறந்திருக்கும், தம்பி. பக்கத்துலயே வாழைப்பழம். ஒரு வேளை பிரட்டு தின்னா ஒண்ணும் ஆயிடாது. ராத்திரிக்கு ஓட்டல்ல சொல்லிக்கலாம்" என்று சுதர்ஷனிடம் சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தார். முன்னால் போன பஞ்சவர்ணத்தின் நடை கல்யாண வீட்டுக்குப் போகிறவர் நடைபோல இருந்தது.

தீவில் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பிரட்டும் பழமும் சாப்பிட்டார்கள். விசாலாக்ஷி அம்மாள் காய்ந்த ரொட்டியை மென்றபடி வேலாயுதத்தை ஒரு பார்வை பார்த்தார். வேலாயுதம் கண்ணைத் தாழ்த்தவில்லை. தன் பங்கைக் கைநீட்டி வாங்கி, வரிசையில் உட்கார்ந்தே தின்றார். ரொட்டி நன்றாகவே இல்லை. வேலாயுதம் தின்று முடித்தார்.

பிறகு அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகில் சிலர் சிலராக ஏற்றினார்கள். சுதர்ஷன் பெயர் வாசித்தான். "வேலாயுதம் அண்ணா ஃபேமிலி, நாலு பேர்." கோபம் இருந்ததோ என்னவோ, கைகொடுத்து ஏற்றிவிட்டான். விசாலாக்ஷி அம்மாளும் அதே படகில்தான். புடவையை ஒதுக்கிப் பஞ்சவர்ணத்துக்கு இடம் விட்டார்.

படகு நகர்ந்ததும் கண்ணாடிக்குக் கீழே மஞ்சளும் ஊதாவுமாகத் தரை எழுந்து வந்தது. கிளைகளுக்கு நடுவே நீல மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

"ஏனுங்க, இதைப் பாக்கவா எல்லாருக்கும் சோறு கட்டிக் கட்டி அனுப்பினீங்க?" என்றார் பஞ்சவர்ணம்.

விசாலாக்ஷி அம்மாள் சிரித்துவிட்டார்.

வேலாயுதம் மண்டியிட்டுக் கண்ணாடி முழுவதையும் மறைத்தபடி குனிந்திருந்தார்.

"அப்பா, ஸ்வல்ப தலையை எடு. எங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்றான் பரத்.

"இருடா" என்றார் வேலாயுதம். "நான் இன்னும் பாத்து முடிக்கல."