மணி ஓய்ந்த வெள்ளி

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் மகள் பாயிலிருந்து எழுந்து, யன்னலடியில் நின்று, கோயில் பக்கம் காதைக் கொடுத்தாள். மணி அடிக்கவில்லை. நான் நீட்டிய தேத்தண்ணியைத் தள்ளிவிட்டாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பேச்சு இல்லை. பெரியமடுவிலிருந்து தாழ்வுபாட்டுக்கு நாங்கள் குடிவந்த சில மாதங்களுக்குள், காலை, நண்பகல், மாலை என்று அடிக்கும் கோயில் மணியை அவள் பிடித்துக்கொண்டாள். மணி கேட்டால்தான் வாய் திறப்பாள். சோறும் அப்போதுதான், தண்ணீரும் அப்போதுதான். இருக்கிற பிடிவாதங்களில் இது நல்லது என்று சந்தோஷப்பட்டோம்.

பெரிய வியாழன் மாலைப் பூசையோடு ஓயும் மணி சனி இரவு உயிர்ப்புப் பூசையில்தான் மறுபடி அடிக்கும். பிறந்தது முதல் தெரிந்த வழக்கம். அவளோடு சேர்த்து அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நண்பகலில் மணிக்குப் பதிலாகக் கோயில் பொடியன்கள் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு எங்கள் வாசல் ஒழுங்கையால் போனார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கினாள். அன்று காற்றே இல்லை. அவள் உதடு வெடித்திருந்தது. செம்புக் குடத்தில் கரண்டியால் அடித்துப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லையோ? நாங்கள் ஒருசந்தி நோன்பு எண்டு சொல்லிப்போட்டு மூண்டு தரம் தேத்தண்ணி குடிச்சிட்டம். இவள் அர்ச்சிஷ்டவளெல்லோ!"

முதலில் சிரித்தவர், பிறகு புனிதை ஒருத்தியைக் கும்பிடுவதுபோல் முழந்தாளிட்டு, அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அவள் காலைப் பாவாடையால் இழுத்து மூடினேன்.

மூன்று மணியாகியும் அவள் சிறுநீர் கழிக்கவில்லை.

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றேன்.

"போனமுறை சேலைன் ஏத்த நாலு பேர் பிடிச்சவை" என்றார் என் கணவர். "சுவரில தலையை அடிச்சவள். மறந்திட்டீரோ?"

"அப்ப பங்குச் சுவாமியிட்டப் போய் ஒருக்கா மணி அடிக்கச் சொல்லுங்கோ."

"பெரிய வெள்ளியிலயோ? ஊரே சிரிக்கும்."

என்றாலும் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் திரும்பவில்லை. சிலுவையில் தாகத்தோடு தொங்கிய ஆண்டவரிடம் என் பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டேன். செபம் பாதியிலேயே அறுந்து அறுந்து போனது. வெயில் சாய்ந்தபோது, எந்நேரமும் முன்னும் பின்னும் ஆடும் அவள் உடம்பு ஆட்டத்தை நிறுத்தியது. எத்தனையோ நவநாள் செபங்களில் நான் கேட்டது அதைத்தான். இப்போது அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. கண் திறந்தபடியே இருந்தது, கூப்பிட்டால் அசையவில்லை.

பொழுதுபடும் நேரம் என் கணவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பங்குச் சுவாமி வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணியைக் கையில எடுங்கோ அம்மா. மணி அடிக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். குடிச்சாலும் குடிக்காட்டியும் பின்னால வான் வண்டி வருது, ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்றார்.