சாமை மில்லில் சிக்கிய ரிப்பன்

மகளை மறுநாளே அதே மில்லுக்கு அனுப்பினேனே, சரியா தவறா? இன்னும் விளங்கவில்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு. மகள் பதினொன்றாம் வகுப்புத் தொழிற்கல்வி மாணவி. பள்ளியில் அவளைச் சாமை அரைக்கும் மில்லில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். முதல் நாள் கொண்டை போட்டுக் கிளம்பினாள்.

"இன்னாடி, கல்யாணம் ஆனவ மாதிரி!" என்று கொண்டையை அவிழ்த்து, இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினேன்.

"மில்லுல கொண்டைதான் போடச் சொன்னாங்கம்மா" என்றாள். நான் கேட்கவில்லை.

மதியம் மிஷின் பெல்ட்டில் சடை ரிப்பன் சிக்கியது. அருகில் இருந்த பெண் சட்டென்று சுவிட்சை அணைத்ததால் ரிப்பன் கிழிந்ததோடு போயிற்று.

மறுநாள் முதல் தினமும் நானே கொண்டையை இறுக்கிப் போட்டு அனுப்புகிறேன். அவள் திரும்பும்வரை எனக்கு வேலை ஓடுவதில்லை.

"நானும் கூட வரட்டுமா?" என்றால், "வேணாம்மா, எல்லாரும் சிரிப்பாங்க" என்கிறாள்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் தாய்மார்களே, நீங்கள் கூடப் போனீர்களா? எழுதுங்களேன்.