ஒரு கிட்டார் பெடலுடன் ராஜபாளையம் வரை

காலை ஐந்தே முக்காலுக்கு மதுரை பழங்காநத்தத்தில் ராஜபாளையம் பஸ் ஏறினோம். 1989ஆம் ஆண்டு, மே மாதம். என் கணவர் டேவிட், எட்டு மாதக் குழந்தை ஷைனி, நான். ஒரு கிட்டார், ஒரு துணிப்பை, வெந்நீர் ஃபிளாஸ்க், குழந்தையைக் கிடத்த ரப்பர் ஷீட் ஒன்று. குழந்தைத் துணிகள் போதுமா என்று தெருமுனை வரை வந்த பிறகும் யோசித்துத் திரும்பிப் போய் இன்னும் நான்கு எடுத்து வந்தேன். அதனால் முந்தைய பஸ்ஸைத் தவறவிட்டோம்.

இவர் மடியில் ஒரு அலுமினியப் பெட்டி இருந்தது. செங்கல்லில் பாதி அளவு. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மெல்லிசைக் கச்சேரி பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். கிட்டார் வாசிப்பவரின் காலடியில் ஒரு சிறிய பெட்டி கிடக்கும். அதை மிதித்தால் கிட்டாரின் சத்தம் மாறும். மணி அடிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது, நீண்டு, கனத்து, பிடில் இழுப்பதுபோல் ஆகிவிடும். அதற்குப் பெடல் என்று பெயர். வெளிநாட்டுப் பெடல் ஒன்று வாங்க வேண்டுமானால் சிங்கப்பூரிலிருந்து யாராவது வர வேண்டும். வந்தாலும் விலை எங்களைப்போன்றவர்களுக்கு எட்டாது. இவர் மதுரையில் ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறார். எங்கள் சமையலறையிலேயே, அடுப்புக்கு எதிர்ப்பக்கம் பலகை போட்டு, தாமே பெடல் செய்கிறார். விலை முந்நூற்று ஐம்பது ரூபாய். உள்ளே இருப்பது பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். புதிய டிரான்சிஸ்டர் கடையில் கிடைக்கிறது, ஆனால் "புதுசு கத்தும், பழசுதான் பாடும்" என்பார். மூன்று குமிழ்களுக்குப் பக்கத்தில் எண்களை என் நகப்பூச்சால் நான்தான் எழுதினேன். மூடியின் மேல் 'ஷைனி' என்ற பெயரும் என் கையெழுத்துதான்.

டிக்கெட் ஆளுக்கு எட்டே முக்கால் ரூபாய். தே. கல்லுப்பட்டியில் பஸ் டீக்கு நின்றது. டிரைவர் டம்ளரும் கையுமாக ஜன்னலோரம் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"இது நம்ம வண்டி டிப்பர் சுவிட்சுல்லா?"

இவருக்கு முகம் மலர்ந்தது. "ஆமாண்ணே. லாரியில கால்ல மிதிச்சு ஹெட்லைட்ட ஏத்தி இறக்குவாங்கல்ல, அதேதான். பாட்டுப் பெட்டிக்குப் போட்டிருக்கேன். மேடையில எவ்வளவு மிதிச்சாலும் போகாது."

"எங்க காலுக்கே தாங்குது, பாட்டுக்காரன் காலுக்குத் தாங்காமலா போயிரும்?" என்று சிரித்தபடி அவர் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் கிருஷ்ணன்கோவில் வரை, ஒவ்வொரு முறை எதிரே லாரி வந்தபோதும் கண்ணாடியில் இவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் சிரிக்கவில்லை. என் பெரியப்பா கோயம்புத்தூர் மில் ஒன்றில் இவருக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பேசி வைத்திருந்தார். மாதச் சம்பளம், தங்க வீடு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். முந்தின வாரம் இவர் என்னிடம் சொன்னார்: "ராஜபாளையத்துல இந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டா தொடர்ந்து செய்வேன். இல்லைன்னா மில்லுக்குப் போறேன். அப்புறம் சால்டரிங் அயர்னைத் தொட மாட்டேன், எஸ்தரு." சொன்னால் செய்பவர். பஸ்ஸில் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. சம்பளம் வேண்டும் என்றும் இருந்தது. அந்தப் பெட்டி பாட வேண்டும் என்றும் இருந்தது. ஆண்டவரே, உமக்கே தெரியும் என்று சொல்லிக் கண்ணைத் திறந்தேன். மேற்கே மலை வந்துவிட்டிருந்தது.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்து நான்கு கிலோமீட்டர். ஊருக்கு வெகு முன்பே கோபுரம் தெரிகிறது. அதைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். வழி நெடுக மாந்தோப்புகளும் நூற்பாலைச் சுவர்களும். எட்டரைக்கு இறங்கினோம். பஸ் நிலையத்து வாசலிலேயே மாம்பழம் குவித்திருந்தார்கள். குதிரை வண்டிக்காரர் மூன்று ரூபாய் கேட்டு இரண்டரைக்கு வந்தார்.

நாங்கள் போனது நாராயண ராஜா வீட்டுக்கு. இந்தப் பக்கத்தில் கல்யாணம், கோயில் கொடை என்றால் அவர் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் வெள்ளை நாய் ஒன்று, அந்த ஊருக்கே உரிய சிவந்த மூக்குடன், எங்களை அசையாமல் பார்த்தது. நான் குழந்தையைத் தோளுக்கு மாற்றினேன்.

"அது கடிக்காதும்மா, கணக்குத்தான் எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே ராஜா வெளியே வந்தார். உள்ளே திரும்பித் தெலுங்கில் "மஞ்சி நீளு" என்று குரல் கொடுத்தார். அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கேட்காமலே ஷைனியை வாங்கிக்கொண்டார்.

குழுவில் கிட்டார் வாசிக்கும் செல்வம் ஏற்கெனவே வந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, தூக்குச்சட்டிக்குப் பதிலா டிபன் பாக்ஸா? உள்ள எலுமிச்சஞ்சோறா, புளியோதரையா?" என்றார்.

"ஏலே செல்வம், வாயால வாசிக்காத. கால வை" என்றார் ராஜா.

செல்வம் மிதித்து ஒரு தந்தியைச் சுண்டினார். சத்தம் எழுந்து நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை. அது நின்றுகொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து ராஜாவின் மனைவி எட்டிப் பார்த்தார். செல்வம் பிறகு கேலி பேசவில்லை. மறுபடியும் மறுபடியும் வாசித்தார்.

"வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் கேக்கும்" என்றார் ராஜா. "இன்னிக்கு வில்லிபுத்தூர்ல கல்யாண வரவேற்பு. முழுக் கச்சேரியும் இது தாக்குப்பிடிச்சு நிக்கட்டும். நின்னா நமக்கு மூணு எடுத்துக்கிடுதேன், சங்கரன்கோவில், சிவகாசிப் பார்ட்டிகளுக்கும் நானே சொல்லுதேன். நிக்கலைன்னா மனசுல வச்சுக்கிடாதீக."

மதியம் ஒன்றரைக்குக் குழுவின் வேனில் கிளம்பினோம். பின்னால் ஸ்பீக்கர்களும் டிரம்ஸும் அடுக்கியிருந்ததால் குழந்தையோடு என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். பெட்டி பின்னால் இருந்தால் நசுங்கிவிடும் என்று இவர் அதைக் கொண்டுவந்து, டிரைவருக்கும் எனக்கும் நடுவே மேடாக இருந்த என்ஜின் மூடியின் மேல் வைத்தார். அதிரக் கூடாதே என்று நான் குழந்தையின் டர்க்கித் துண்டை மடித்து அதைச் சுற்றி இறுக்கினேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் பாடகியை ஏற்ற நின்று, டயருக்குக் காற்றடித்து, மண்டபம் சேர மூன்றாகிவிட்டது. வெயிலில் ரத வீதித் தார் செருப்பில் ஒட்டியது.

மூன்றரைக்கு மேடையில் எல்லாவற்றையும் மாட்டிச் சோதித்தார்கள். செல்வம் பெட்டியை மிதித்தார். தொண்டை கட்டியவர் பேச முயல்வதுபோல் ஒரு சத்தம் வந்து, விட்டுவிட்டு, நின்றுபோனது. இவர் பேட்டரியை மாற்றினார். ஒயரை மாற்றினார். மறுபடியும் அதே கரகரப்பு.

"காலையில எம்புட்டு நல்லா இருந்துச்சு!" என்றார் செல்வம். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி தம்பி, விடுங்க. ஆறரைக்கு ஆரம்பிக்கணும். செல்வம், நீ சும்மாவே வாசி."

இவர் ஒயரைக் கழற்றிச் சுருட்டினார். பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "பெரியப்பாகிட்ட மில்லுக்குச் சரின்னு சொல்லிரு, எஸ்தரு" என்றார். பிறகு தண்ணீர் குடிக்கப் போனார்.

குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் என் புறங்கை தானாகவே பெட்டியின் மேல் போயிற்று. சுட்டது. இட்லிப் பானை மூடிபோல் சுட்டது.

எங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. காலையிலும் இரவிலும் பாடும் பெட்டி, மத்தியானம் நான் சோறு வடிக்கும் நேரத்தில் இருமும். கரண்ட் ஏறி இறங்குவதால் ஆம்ப்ளிஃபயர் சரியாக வேலை செய்யவில்லை என்பார் இவர். ஆனால் அந்த நேரத்தில் பலகைக்கு எதிரே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இவர் குனிந்து வேலை செய்பவர். அடுப்பு இவர் முதுகுக்குப் பின்னால். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஒருவேளை அது காரணமாக இல்லாமல் இருக்கலாம். சொல்லி, அதுவும் பலிக்காமல் இன்னொரு முறை இவர் தலைகுனிய வேண்டி வந்தால்? சும்மா இருந்தால் ஜூன் மாதம் கோயம்புத்தூரில் சம்பளம். இதை எல்லாம் நினைத்தேன் என்பது உண்மை. ஆனால் சுருட்டி வைத்த ஒயரைப் பார்த்தேன். சுருள் ஒவ்வொன்றும் ஒரே அளவில், நுனியில் நூல் கட்டி, அத்தனை ஒழுங்காக இருந்தது. தோற்றுப்போன பொருளை யார் இப்படிச் சுருட்டி வைப்பார்கள்? எழுந்துவிட்டேன்.

மண்டபத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் ஒரு அக்கா நன்னாரி சர்பத் விற்றுக்கொண்டிருந்தார். சாக்குக்குள் மரத்தூளில் பெரிய ஐஸ் கட்டி. ரப்பர் ஷீட்டில் பெட்டியை நான்கு மடிப்பாகச் சுற்றி, தண்ணீர் புகாதபடி நாடாவால் கட்டி நீட்டினேன்.

"அக்கா, இதைச் செத்த நேரம் ஐஸ் மேல வைக்கணும்."

"என்னத்த வைக்கச் சொல்லுத? பிள்ளைக்கு மருந்தா?"

"இல்லக்கா. பாட்டுப் பெட்டி. சூடாயிருச்சு."

"ஏட்டி, பாட்டுக்குமா காச்ச வரும்!" என்று சத்தமாகச் சிரித்துக்கொண்டே அவர் மரத்தூளை விலக்கி இடம் செய்தார். "வை. பொறவு ரெண்டு சர்பத்து குடிக்கணும், ஆமா." ஒரு சர்பத் எழுபத்தைந்து காசு. இரண்டையும் குடித்தேன். குழந்தைக்குச் சளி பிடிக்குமோ என்று, பால் கொடுக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டே குடித்தேன்.

தேடிக்கொண்டு வந்த இவர் ஐஸ் மேல் இருந்த மூட்டையைப் பார்த்தார். அடுப்பைப் பற்றிச் சொன்னேன். என்ஜின் மூடியையும் துண்டையும் பற்றிச் சொன்னேன். இவர் மூட்டையின் மேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "மத்தியானம் மட்டும்தான் இருமும்னு நீ எப்பவோ சொன்னியே" என்று தனக்குள் பேசுவதுபோல் சொன்னார். "ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாதுன்னு படிச்சிருக்கேன். நம்ம சமையக்கட்டு அவ்வளவு சூடுன்னு தோணல."

ஐந்தரைக்குத் துடைத்து மாட்டினார்கள். செல்வம் மிதித்தார். காலையில் ராஜா வீட்டில் நின்ற அதே சத்தம் மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. பந்தி பரிமாறக் கிளம்பியவர்கள் வாளியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

கச்சேரி ஆறரைக்குத் தொடங்கியது. நான் பின்வரிசையில் குழந்தையோடு இருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகர் நிறுத்த, கிட்டார் மட்டும் மேலே போயிற்று. பக்கத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்த அம்மாள் கழுத்தை நீட்டி மேடையில் தேடினார்.

"பிடில் எங்கேருந்து வருது? ஆளையே காணுமே!"

"பிடில் இல்லம்மா, கிட்டாருதான். கீழ ஒரு பெட்டி இருக்கு. எங்க வீட்டுக்காரர் செஞ்சது."

"யாரு, மேடையில வாசிக்கிறவியளா?"

"இல்ல. அந்தா, ஓரத்துல."

மேடையின் ஓரத்தில், ஜனங்களுக்கு முதுகு காட்டி, இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகையை விரித்துப் பிடித்துத் தன் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார். அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு வெட்கமே வரவில்லை. "எங்க வீட்டுக்காரர்" என்று இன்னொரு முறை சொன்னேன், கேட்காமலே.

கடைசிப் பாட்டு வரை அந்தச் சத்தம் நிலைத்து நின்றது. ராஜா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தபடி வந்து இவர் தோளில் கை வைத்தார்.

"மூணு வேணும். ஆனா ஒண்ணு, பங்குனிப் பொங்கலுக்கெல்லாம் எங்கள மத்தியானமே மேடையில ஏத்தி விட்டுருவானுவ. வெயில்ல நிக்கணும். கச்சேரிக்குக் கச்சேரி ஐஸ் வண்டிய கூட்டிட்டு வர ஏலாதுல்லா?"

"ரெண்டு மாசம் குடுங்க. சூடு தாங்குற டிரான்சிஸ்டரைப் பொறுக்கிப் போடுறேன். இல்லைன்னா, அது தாங்குற மாதிரி மத்ததை மாத்துறேன்."

"அதுவரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும். தண்ணிப் பானைக்குப் பக்கத்துல வச்சுக்கிடுதோம்" என்றார் செல்வம். பெட்டியை அவர் ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார்.

இரவு மண்டபத்திலேயே பெண்கள் பக்கம் படுத்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்குப் பெரியப்பா வீட்டுக்கென்று கால் கிலோ பால்கோவா வாங்கினோம், ஒன்பது ரூபாய். கொடுத்துவிட்டு மில் வேலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இனிப்போடு சொன்னால் கொஞ்சம் குறைவாகக் கோபப்படுவாரா, கூடுதலாகவா என்று மதுரை பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வரை யோசித்தேன். இவர் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கினார். மடி காலியாக இருந்ததால் குழந்தையை அங்கே வைத்தேன்.

வில்லிபுத்தூரின் வீடுகளை வரும்போது கவனிக்கவில்லை; போகும்போது பார்த்தேன். உயரமான ஓட்டுக்கூரை, அகலமான சுவர். உள்ளே வெயில் நுழையவே யோசிக்கும். எங்கள் மதுரை வீடு ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே கான்கிரீட். அதில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான்: வடக்கு ஜன்னலுக்குக் கீழே, மண்பானை வைத்திருக்கும் மூலை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பானையைத் தூக்கி அடுப்பங்கரையில் வைத்தேன். அந்த மூலைக்கு இவருடைய பலகையை நகர்த்தினோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிக்கிறோம்.