சிவப்பில் வந்த என் இலக்கம்

மாத்தளை நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடியின் கால் எங்கே அழுத்துகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து என் பைக்குள் போன் அதிரும். அவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு ஓடுவேன்.

ஓடாமல் இருக்க முடியாது. என் கணவர் தம்புள்ளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் வேலை செய்கிறார். வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். அவருடைய போனில் சார்ஜ் நிற்காது. பக்கத்தில் நிற்கும் லொறிக்காரர் யாரிடமாவது போனை வாங்கித்தான் பேசுவார். அதனால் தெரியாத இலக்கம் எதையும் நான் அலட்சியப்படுத்துவதில்லை. எடுத்தால் ஒரு பெண் குரல். பதிவு செய்து வைத்த குரல். முதலில் சிங்களத்தில் என்னை வாழ்த்தும். பிறகு தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்லும். எதற்காக இந்த வாழ்த்து என்று விளங்குவதற்குள், நின்றுகொண்டிருந்த வாடிக்கையாளர் கண்ணாடியைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்.

சில நேரம் உண்மையான மனிதர்களும் பேசுவார்கள். அவர்கள் இன்னும் மோசம், ஏனென்றால் அவர்களைத் திட்டினால் பிறகு எனக்கே மனது கேட்காது.

"மேடம், குருநாகல் பக்கம் நல்ல காணித் துண்டுங்க..."

"என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"சிஸ்டத்துல இருக்கு மேடம்."

"அப்ப அந்த சிஸ்டத்துல இருந்து எடுத்துருங்க."

"அது எனக்கு முடியாது மேடம். எனக்குக் கதைக்கிற வேலை மட்டுந்தான்."

காணி, கடன், காப்புறுதி, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை, நான் கேட்காத பொதி ஒன்று சுங்கத்தில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி. சமையலறையில் வெங்காயம் கருகும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பையைத் துழாவுவேன். ஒரு முறை கோயிலில் தீபாராதனை நடக்கும்போது, அணைக்க மறந்துபோன போன் அலறியது. வெளியே ஓடிவந்து எடுத்தால், என் ராசிக்கு இன்று யோகமான நாளாம்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். வந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தடுத்தேன். அடுத்த நாள் அதே குரல் வேறு இலக்கத்திலிருந்து வாழ்த்தியது. "இனி அழைப்பு வேண்டாமென்றால் ஒன்பதை அழுத்தவும்" என்று ஒன்று சொன்னது. நம்பி அழுத்தினேன். அதன்பிறகு அழைப்புகள் கூடின. போன் கம்பனியின் கிளைக்குப் போய் முறையிட்டபோது, அங்கிருந்த பெண்பிள்ளை சொன்னாள்: "அக்கா, அதை அமத்தினா இந்த நம்பர்ல ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுரும். ஒண்ணும் அமத்தாதீங்க, ஒண்ணும் பேசாதீங்க, வச்சிருங்க." விளம்பரச் செய்திகளை எப்படி நிறுத்துவது என்றும் செய்து காட்டினாள். அதில் கம்பனிக்காரர்களின் சொந்தச் செய்திகள் நின்றன. மற்றவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகுதான், என் இலக்கத்தை இத்தனை பேருக்கு யார் கொடுத்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். புடவைக் கடையில் குலுக்கல் சீட்டு எழுதினேன். பல்பொருள் அங்காடியில் இன்னொன்று. பழைய தையல் இயந்திரத்தை விற்பதற்கு இணையத்தில் போட்ட விளம்பரம், இயந்திரம் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமான பிறகும், என் இலக்கத்தோடு அப்படியே கிடந்தது. அதை நீக்கினேன். குலுக்கலில் எழுதுவதை விட்டேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அல்லது குறைய வேண்டும் என்ற ஆசையில் அப்படித் தோன்றியதோ தெரியாது.

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது கணவர் என் போனை வாங்கி ஒரு செயலியைப் போட்டுத் தந்தார். மற்றவர்கள் தொல்லை என்று முறையிட்ட இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும்.

"சிவப்புன்னா எடுக்காத. மத்தது நானா இருக்கும்," என்றார்.

"நீங்க உங்க போனுக்கு ஒழுங்கா சார்ஜ் போட்டா எனக்கு இந்தப் பாடே இல்லயே."

செயலி வேலை செய்தது. சிவப்பைக் கண்டதும் துண்டிப்பதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம்கூட வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் பேர் என்னைப் போலவே கடுப்பாகி முறையிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கத் துணையாக இருந்தது.

அந்தக் காலத்தில்தான் கடையிலும் ஒரு பிரச்சினை தொடங்கியது. கொழும்பிலிருந்து வில்லைகள் வந்து கண்ணாடி தயாரானதும், கடைப் போனில் வாடிக்கையாளரை அழைத்துச் சொல்வது என் வேலை. முன்பெல்லாம் இரண்டாவது மணியிலேயே எடுப்பார்கள். இப்போது எடுப்பதில்லை. சிலர் எடுத்து, நான் "வணக்கம்" என்பதற்குள் வைத்துவிடுவார்கள். ஒருவர் சிங்களத்தில் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். தயாரான கண்ணாடிகள் பெயர் ஒட்டிய உறைகளோடு இழுப்பறையில் நிறைந்துகொண்டே வந்தன. மழைக்காலம், பாதை சரியில்லை, அதனால் ஆட்கள் வருவதில்லை என்றார் முதலாளி. மழையில் காது கேட்காமல் போகுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்த உறைகளில் ஒன்று, ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகிற வழியில் உள்ள ஒரு தோட்டத்து அம்மாவுடையது. அங்கே பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். கிட்டத்தில் வாசிப்பதற்கான கண்ணாடி. அளவு கொடுக்கும்போதே, "சுருக்கா குடுங்க மகள், வேலைக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் எத்தனையோ முறை அழைத்தேன். மணி ஒருமுறை அடித்துத் துண்டிக்கும். கடைசியில் அழைப்பே போகாமல் போனது. சிக்னல் இல்லாத இடம் என்று நினைத்து, என் சொந்தப் போனிலிருந்து "உங்கள் கண்ணாடி தயாராக உள்ளது" என்று செய்தி அனுப்பினேன். ஒன்றுக்கு நாலாக அனுப்பினேன்.

ஒரு மழை நாள் முற்பகல், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கண்ணாடி செய்றீங்களா, இல்ல மலையக் கொடஞ்சு கல்லு எடுக்கிறீங்களா? தீபாவளி போயி பொங்கலும் போயிருச்சு. ஒரு போன் போட்டுச் சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லயா?"

"அம்மா, எத்தனை தரம் போன் போட்டேன் தெரியுமா? நீங்கதான் கட் பண்ணுறீங்க."

"நான் கட் பண்ணினேனா? எனக்கு ஒரு கள்ளியத் தவிர வேற யாரும் போன் போடுறதே இல்ல. தெனமும் எடுப்பா. செவப்பா வரும். மகன் கொழும்புல இருந்து வந்தப்போ போன்ல என்னமோ போட்டுக் குடுத்தான். 'அம்மா, செவப்பு வந்தா தொடாதீங்க, காசு புடுங்கிறவனுங்க'ன்னு சொன்னான். பொறவு, தெனமும் வருதுன்னு அவனே அவள மறிச்சும் விட்டுட்டான்."

போனைக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டேன். தடுத்து வைத்த இலக்கத்தை விடுவித்துத் திருப்பிக் கொடுத்து, கடைப் போனிலிருந்து அழைத்தேன். அவருடைய கையிலிருந்த போன் திரை முழுக்கச் சிவந்தது. 'தொல்லை அழைப்பு' என்ற எழுத்தும், அதற்குக் கீழே எங்கள் கடையின் இலக்கமும்.

"இந்தா, இவதான்! இவதான் அந்தக் கள்ளி!" என்றார் அவர்.

"அம்மா, அது நான்தான்."

என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப மெசேஜாவது போட்டிருக்கலாமே?"

"போட்டேனே. நாலு மெசேஜ் போட்டேன்."

"மகள்," என்றார், குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாக. "அத வாசிக்கிற கண்ணாடி உங்க லாச்சிக்குள்ளதானே கெடக்கு?"

இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டு, மூக்கின் மேல் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தேன். வழக்கமாக எல்லோருக்கும் வாசிக்கக் கொடுக்கும் அட்டையை நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு, தன் போனில் செய்திகளைத் திறந்தார். நின்றபடியே, கடை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினார். பரிசு விழுந்திருக்கிறது. கடன் தயார். காணி மலிவு. உங்கள் கண்ணாடி தயாராக உள்ளது. கோழி இறைச்சிக்கு விசேட விலைக் கழிவு. உங்கள் ராசிபலன். உங்கள் கண்ணாடி தயாராக உள்ளது. பரிசு விழுந்திருக்கிறது.

"இத்தன குப்பைக்கு நடுவுல போட்டா, கண்ணு தெரிஞ்சவளுக்கே தெரியாதே," என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு குரல் தணிந்தது. பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் மருந்துப் போத்தலின் அளவுக்கோடு அவருக்குத் தெரியவில்லை. தப்பாக ஊற்றிவிடுவேனோ என்ற பயத்தில், மருந்து கொடுக்கிற நேரமெல்லாம் தாய்மாருக்கே ஆள் அனுப்பியிருக்கிறார். மலையிலிருந்து இறங்கி வந்து அவர்களே ஊற்றியிருக்கிறார்கள். "வேலய விட்டுட்டு எறங்கி வந்தா கங்காணி ஏசுறாரு. அவங்களுக்கு ஏச்சு, எனக்கு வெக்கம். ஒரு பொம்பள நேரா மூஞ்சிக்கே கேட்டா, கண்ணு தெரியாம ஏன் புள்ளைங்கள வச்சுக்கிறீங்கன்னு."

அவருக்குத் தேநீர் வரவழைத்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் போகும் முன், கடை இலக்கத்தை அவர் போனில் சேமித்துக்கொடுத்தேன். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். "கண்ணாடிக் கடைன்னு போடுங்க. கள்ளின்னு போட்டாலும் எனக்கு வெளங்கும்," என்று சொல்லி முதன்முறையாகச் சிரித்தார்.

அவர் பேருந்துக்குப் போனதும் நான் முதலாளியின் மேசைக்குப் போனேன். கடை எப்படிச் சிவப்பானது என்று எனக்கு விளங்கிவிட்டது. பண்டிகை வந்தால், எப்போதோ ஒரு நாள் கண்ணாடி செய்துகொண்ட எல்லோருக்கும் அழைத்துக் கழிவு விலையைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்டளை. தீபாவளிக்குச் சொன்னோம், டிசம்பரில் நத்தாருக்குச் சொன்னோம், பொங்கலுக்கும் சொன்னோம். எடுக்காதவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்தோம். நான் வீட்டில் எவளைச் சபித்துக்கொண்டிருந்தேனோ, அவளுடைய வேலையைத்தான் கடையில் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன்.

"முதலாளி, ஆட்கள் நம்மள ஸ்பேம்னு முறைப்பாடு பண்ணியிருக்காங்க. இனி அந்தக் கழிவு விலை சொல்ற போனெல்லாம் போட வேணாம்."

"அது ஸ்பேம் இல்லம்மா. அது சேவை."

"எனக்குக் காணி விக்க போன் போடுறவனும் அப்படித்தான் சொல்றான்."

அவருக்கு முகம் சுருங்கியது. கடை இலக்கத்தைச் சேமிக்காத என் போனை எடுத்து, கடைப் போனிலிருந்து அழைத்துக் காட்டினேன். நான் தினமும் ஆசையோடு துண்டித்த அதே சிவப்பு, எங்கள் கடையின் இலக்கத்துடன். இழுப்பறையை இழுத்துக் காட்டினேன். எடுத்துப்போக ஆள் வராத உறைகள். முதலாளி அவற்றைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, "சரி, இப்போதைக்கு நிப்பாட்டுவோம்," என்றார்.

இழுப்பறையைக் காலி செய்ய எனக்குப் பல நாட்கள் பிடித்தன. எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் மூலம் சொல்லி அனுப்பினேன். சிலரை என் சொந்தப் போனிலிருந்து அழைத்தேன். அதையும் சிவப்பாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில், எடுத்தவுடன் மூச்சு விடாமல் "மாத்தளை கண்ணாடிக் கடைங்க, உங்க கண்ணாடி ரெடிங்க, விக்கிறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று கொட்டினேன். செயலிக்காரர்களுக்கு, இது கடையின் இலக்கம், தயவுசெய்து திருத்துங்கள் என்று எழுதினேன். தானாக வரும் பதிலொன்று வந்தது. பரிசீலிக்கிறார்களாம். பிறகு சத்தமில்லை. மறுபடி எழுதினேன். ஒரு நாள் சோதித்துப் பார்த்தபோது சிவப்பு போயிருந்தது. யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுக் கிளம்புகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, கடை இலக்கத்தை அவர்கள் போனில் சேமித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

எனக்கு வரும் அழைப்புகள் குறைந்திருக்கின்றன. நிற்கவில்லை. போன வாரமும் எனக்கு ஒரு வாகனம் பரிசு விழுந்தது.

அண்மையில் முதலாளி நல்ல உற்சாகத்தோடு வந்தார். யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்: இப்போது மனிதர் அழைக்கத் தேவையில்லை, குரலைப் பதிவு செய்து கொடுத்தால் போதும், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தானாகவே போகும்.

"ஒவ்வொரு தரமும் வேற நம்பர்ல போகுமாம். செவப்பு வரவே வராதாம். உங்களுக்குத்தான் நல்ல குரல். ரெண்டு வரி, தமிழ்லயும் சிங்களத்துலயும் பேசிக் குடுத்தாப் போதும்."

ரிவர்ஸ்டன் பாதையில் மூடுபனிக்குள் எங்கோ ஒரு வீட்டில், அடுப்பில் உலை கொதிக்கும்போது, என் குரல் போய் ஒருத்தியை வாழ்த்துவதை நினைத்துப் பார்த்தேன்.

"குரல் குடுக்க மாட்டேன் முதலாளி," என்றேன். "வேலைய விட்டு நிக்கச் சொன்னா நிக்கிறேன்."

இரண்டு நாட்கள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதாகை கட்டுவதற்கு ஆளைப் பேசிவிட்டதாகச் சொன்னார். பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள், கிட்டப் பார்வை தூரப் பார்வை எல்லோருக்கும் தெரியட்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, எழுத்தின் அளவைச் சொல்லப் போனை எடுத்தார். பதாகைக்காரர் எடுக்கவில்லை.