அலிபிரியில் பூஜை போட்ட கம்ப்யூட்டர்

என் கடையில் பெருமாள் படத்துக்குக் கீழே, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து வெளுத்துவிட்டது. அதைத் தேர்ந்தெடுத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. பலமனேரிலிருந்து பெங்களூர் போய்க் கம்ப்யூட்டர் வேலை கற்றவன்.

சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே எனக்கு டைப்பிங் கடை. அந்தக் காலத்தில் கோடை வந்தால் பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் இருக்காது. பழைய கம்ப்யூட்டர் அரை மணியில் இன்வெர்ட்டரைக் காலி பண்ணிவிடும். அப்படி ஒரு நாள், குடிபாலாவிலிருந்து வந்த ஓர் அம்மாவின் மகளுக்காக நர்ஸ் படிப்பு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் அணைந்தது. அன்றுதான் கடைசி நாள். அந்த அம்மா திட்டவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம், வுடு நைனா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வருஷமாவது என் கையால் தவறக் கூடாது பெருமாளே என்று வேண்டிக்கொண்டு மச்சானைக் கூப்பிட்டேன்.

திருப்பதியில் இருவரும் போன கம்ப்யூட்டர் கடையில் நான் கேட்டது, என் பக்கத்துக் கடைக்காரர் வைத்திருந்த வேகமான பிராசசர். மச்சான் விடவில்லை.

"இதுல இன்னா மாமா பண்ணப் போற?"

"டைப் அடிப்பேன், அப்ளிகேஷன் போடுவேன்."

"அதுக்கு அறுபத்தஞ்சு வாட் எதுக்கு? நெட்டே நொண்டிக்கினு வருது, இது மட்டும் ஓடி இன்னா பண்ணும்? பத்து வாட்டு போதும். உள்ள ஃபேன்கூட வாணாம். கரண்ட் போனாலும் மூணு மணி நேரம் அசராது."

"ஈ சின்ன டப்பாதோனா?" என்று, இந்தச் சின்ன டப்பாவை வைத்தா என்பதுபோல், கம்ப்யூட்டர் விற்றவர் தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

புது வண்டி வாங்கினால் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் பூஜை போடுவோம். நான் அந்த டப்பாவைக் கொண்டுபோய்ப் புதுக் கார்களுக்கு நடுவில் வைத்தேன். தேங்காயை ஓங்கியதும் மச்சான் அலறினான்: "தள்ளிப் போய் உடை மாமா! தண்ணி உள்ள பூந்துடும்!"

கடைக்கு வந்ததும் படத்துக்குக் கீழே வைத்து, மாலையை அதன் மேலும் தொங்கவிட்டு, சுற்றிலும் சந்தனம் பூசினேன். ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. மூன்று நாளும் அதே கதை. போனில் மச்சானை வாய்க்கு வந்தபடி பேசினேன். உடனே பஸ் ஏறி வந்தான். வந்தவன் மாலையை எடுத்தான். பக்கவாட்டு ஓட்டைகளில் அடைத்திருந்த சந்தனத்தை ஊசியால் நோண்டினான்.

"ஃபேன் இல்லாத பொட்டி மாமா. இதான் அதுக்கு மூக்கு. மூக்குல சந்தனம் அப்பினா சாமிகூட மூச்சு வுடாது."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நெற்றிச் சந்தனத்தை மட்டும் அவன் தொடவில்லை.

அடுத்த வருஷம் அதே அம்மா, அதே மகள், அதே கடைசி நாள். தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. டப்பா அசரவில்லை. வியர்வையைத் துடைத்துத் துடைத்து அடித்து முடித்தேன். பிரிண்டரைப் போட்டால் இன்வெர்ட்டர் காலியாகிவிடும் என்று பயந்து, வந்த அப்ளிகேஷன் நம்பரைக் கையால் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மகள் அந்த நம்பரையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

இப்போது கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை. மச்சான் வெளிநாட்டில் இருக்கிறான். போனில் அவன் முதலில் கேட்பது, "பொட்டி மூச்சு வுடுதா மாமா?" வெள்ளிக்கிழமை பெருமாள் படத்துக்கு மாலை சாத்தும்போது, டப்பாவுக்கு ஒரு சாண் மேலேயே முடிச்சுப் போட்டு நிறுத்திவிடுகிறேன்.