அக்கா பாடிய சாமிப் பாட்டு

டாலிகஞ்ச் ஆட்டோவில் இன்று யாருடைய போனிலோ அந்தப் பழைய காதல் பாட்டு மெல்ல ஒலித்ததும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டு மொட்டை மாடியில், ஈரப் புடவைகளுக்கு நடுவே நின்று, எதிர்வீட்டு ஷுபோவுக்குக் கேட்கட்டும் என்றே அதைப் பாடும் அக்கா கண்முன் வந்துவிட்டாள்.

"ஏய் குக்கு, உன் தீதி தினமும் என்ன பாடுறா?" என்று தமிழ் தெரியாத ஷுபோ ஒருநாள் என்னிடம் வங்காள மொழியில் கேட்டார். காதல் பாட்டையெல்லாம் சாமிப் பாட்டு என்றே அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது.

"சாமிப் பாட்டு, ஷுபோதா!"

மறுநாள் அக்கா பாடத் தொடங்கியதும், எதிர் மாடியில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

அக்கா பாதியில் நிறுத்தினாள். "ஆளை விடுன்னு கும்பிடுறாண்டி."

அந்தத் தையிலேயே சேலத்து மாப்பிள்ளைக்குத் தலையாட்டினாள். என் வாய் செய்த வேலை எனக்குப் புரிந்தபோது அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.